தியானத்துக்கு அடுத்து என்ன? காரைக்குடி வட்டாரத்திலேயே இருக்கும் வழிகள்

பல வருஷம் ஒரே தியானத்தைச் செய்தவர்கள் ஒரு கட்டத்தில் வேறு வழி தேடுவது இயல்பு. ஆனால் பெரும்பாலோர் ஒரு மூச்சுத் தியானத்தை விட்டு இன்னொரு மூச்சுத் தியானத்துக்கே மாறுகிறார்கள். உட்காருவதும் கண்ணை மூடுவதும் அதேதான், ஆறு மாதத்தில் பழைய சலிப்பும் வந்துவிடும். கண்மூடி உட்கார்ந்தே பழகியவர் வாய்க்கோ காலுக்கோ யோசனைக்கோ வேலை கொடுக்கும் வழியை எடுக்க வேண்டும். செட்டிநாட்டில் இருப்பவர்கள் அதற்காக ரிஷிகேசம் போக வேண்டியதில்லை.

பழைய பயிற்சியை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். அது விடிகாலையில் இருக்கட்டும், புதியதைச் சாயங்காலம் வைத்துக்கொண்டு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், செய்து பாருங்கள். ஒரே அமர்வில் இரண்டையும் கலக்கக் கூடாது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில், புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவத்தால் நெற்றி கனத்தால், மூலாதாரத்தில் கவனம் வைக்கும் சாந்தி தவம் செய்து கீழே இறக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் எழுந்து ஜெபமாலையை எடுத்தால் தலைபாரம்தான் மிஞ்சும்.

'நமசிவாய' என்ற ஐந்தெழுத்து ஜெபத்தில் தொடங்குவது எளிது. 108 மணி உருத்திராட்ச மாலை போதும். நடுவிரலில் மாலையைத் தாங்கி, கட்டைவிரலால் மணியைத் தள்ள வேண்டும், ஆள்காட்டி விரல் படக்கூடாது. மாலையின் முனையில் தனியாக நிற்கும் மேரு மணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நிதானமாகச் சொன்னால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். முதல் வாரம் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, அதற்கும் பிறகுதான் மனதுக்குள். தியானம் பழகியவர்கள் நேரே மனதுக்குள் சொல்ல ஆரம்பிப்பார்கள், மூன்றாவது சுற்றில் தூக்கம் வந்துவிடும். இன்னொன்று, ஒவ்வொரு 'நமசிவாய'வையும் மூச்சோடு கட்டிவிடுவார்கள். மூச்சு செயற்கையாக நீண்டு நெஞ்சு இறுகும், சிலருக்குத் தலை சுற்றும். குரல் அதன் போக்கில் போகட்டும், மூச்சைக் கவனிக்கவே வேண்டாம்.

ஜெபம் படிந்ததும் திருவாசகத்துக்குப் போகலாம். 51 பகுதி, 658 பாட்டு. முற்றோதலில் கூட்டத்தோடு சேர்ந்து ஒரே நாளில் ஓதி முடிப்பார்கள். வீட்டில் தனியாக ஓதுபவர்கள் நாளுக்கு ஒரு பகுதி என்று கணக்குப் போட்டு ஐந்தாம் நாளே நின்றுவிடுகிறார்கள். காரணம், ஐந்தாவதான திருச்சதகம் மட்டுமே 100 பாட்டு, அடுத்து வரும் நீத்தல் விண்ணப்பம் 50. சதகத்தைப் பத்துப் பத்தாகப் பத்து நாளும், நீத்தல் விண்ணப்பத்தை ஐந்து நாளும் ஓதினால் மொத்தம் 64 நாளில் சிரமமில்லாமல் முடியும். பொருள் தேடி நடுவில் நிறுத்தாதீர்கள். முதல் தடவை வாய் பழகட்டும், உரையை இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டே பழகிய மனசுக்கு இதெல்லாம் போதாது. அவர்களுக்குக் காரைக்குடியை ஒட்டிய கோவிலூர் மடத்து வேதாந்த மரபு இருக்கிறது, அதுவும் தமிழிலேயே. கைவல்ய நவநீதம் என்ற வேதாந்த நூலைக் கையில் எடுத்தால் முதலில் தத்துவ விளக்கப் படலம், பிறகு சந்தேகம் தெளிதல் படலம். சுவாரசியம் கருதி இரண்டாவதிலிருந்து தொடங்குகிறவர்கள் குழம்புகிறார்கள், அந்தச் சந்தேகங்களெல்லாம் முதல் படலத்தைக் கேட்ட சீடனுக்கு எழுந்தவை. தனியாகப் படிப்பதைவிட, பாடம் சொல்பவரிடம் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாகக் கேட்பதே சரி. தியானத்தில் கிடைத்த அமைதியையே ஞானம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இங்கே நல்ல அடி விழும். அது தேவையான அடி.

நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பையும் சடங்கென்று ஒதுக்க வேண்டாம். திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள், புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை. சேர்த்துத் திரித்த திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். என்ன அனுபவம் வந்தது என்று தினமும் சோதிக்கும் பழக்கம் உள்ள தியானக்காரருக்கு, எதையும் எதிர்பாராமல் ஓர் இழையை எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய பயிற்சி!

பழனி நடை பற்றிச் சுருக்கமாக: நேரே தைப்பூசத்துக்குக் கிளம்பாதீர்கள். கார்த்திகை மாதமே காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு, சுமார் பத்து கிலோமீட்டர், வெயிலுக்கு முன் நடந்து பழகுங்கள். முன்னே போகிறவர் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்ப்பதால்தான் பலருக்குக் காலில் கொப்புளம் வருகிறது. முருகா என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற வேகமே உங்கள் வேகம்.