தரம் கூடினால் தேவைக்கோடு எந்தப் பக்கம் நகரும்?

ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக்கோடு. இளங்கலை நுண்ணினப் பொருளியலில் "தரம் உயர்ந்தால் தேவைக்கோடு வலப்பக்கம் இடம்பெயரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது எப்போதும் சரியல்ல. அதையே மனப்பாடம் செய்த மாணவர், தரம் கூடியும் விற்கும் எண்ணிக்கை குறைவது ஏன் என்று கேட்டால் திகைத்துப்போவார்.

வரைபடத்துக்கு முன், வாங்குபவருக்கு உண்மையில் வேண்டியது எது என்று கேளுங்கள். பொருளை அல்ல, அதிலுள்ள பண்புகளையே நுகர்வோர் நாடுகிறார் என்று 1966-இல் பொருளியலாளர் லான்காஸ்டர் சொன்னதன் சாரம் அதுதான். பல்பு நல்ல எடுத்துக்காட்டு: வேண்டியது வெளிச்சம்.

பல்பு விலை 20, ஆயுள் 1,000 மணி. ஒருவர் 6 பல்பு வாங்குகிறார். 6,000 மணி வெளிச்சம், செலவு 120. அதே விலையில் ஆயுள் 2,000 மணியானால், 1,000 மணி வெளிச்சத்தின் விலை 20-லிருந்து 10 ஆகிறது. அவர் 8,000 மணி பயன்படுத்தினால் 4 பல்பு போதும். விலை பாதியானபோது பயன்பாடு இரட்டிப்பாகவில்லை. நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது தேவை எந்த அளவுக்கு மாறுகிறது என்பது, ஒன்றுக்குக் கீழே. அதனால்தான் எண்ணிக்கை குறைந்தது. 14,000 மணி பயன்படுத்தியிருந்தால் 7 பல்பு வாங்கியிருப்பார்.

இப்போது கோடு வரையச் சொல்லுங்கள். வாங்கும் பல்பு எண்ணிக்கையே அளவு. பழைய பல்புக்கு அளவு = 10 − 0.2 × விலை; புதியதற்கு 5 − 0.05 × விலை. விலை அச்சை முதல் கோடு 50-லும் இரண்டாவது 100-லும் தொடும். அளவு அச்சில் 10, 5. இரண்டும் ஏறத்தாழ 33 என்ற விலையில் வெட்டிக்கொள்ளும். தேவைக்கோடு இடம்பெயரவில்லை, சுழன்றிருக்கிறது! இந்தப் படத்தை மாணவர் தம் கையாலேயே வரைய வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மனதில் நிற்காது.

பெரும்பாலும் பிழை வருவது அச்சுகளில்தான். கிடையச்சில் பல்பா மணியா என்று எழுதாமலே வரைந்துவிடுவார்கள். குறைவாக வாங்கியவருக்கு நட்டம் என்று எழுதுவோரும் உண்டு. 80 செலவில் 2,000 மணி கூடுதலாகக் கிடைத்ததைக் கணக்கிட வைத்தால் தெளிந்துவிடும்.

சுவை, நிறம் போன்ற தரத்துக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே ஒவ்வோர் அலகுக்கும் கொடுக்கத் தயாரான விலை கூடுவதாக, கோட்டை மேலே நகர்த்துவதே சரி. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத தரம், அதாவது 1970-இல் பொருளியலாளர் அகர்லாஃப் எடுத்துக்கொண்ட சிக்கல், தனி வகுப்புக்கு உரியது. இதோடு கலந்தால் இரண்டுமே குழம்பும்.

தேர்வில் இப்படிக் கேட்கலாம்: விலை 40 எனில் எத்தனை பல்பு? பழையது 2, புதியது 3. விலை 20-இல் குறைந்த எண்ணிக்கை இங்கே கூடியது ஏன் என்பதற்கு விடை எழுதுவதில்தான் புரிதல் வெளிப்படும்.