துங்கு, துங்கு: பினாங்கில் கற்றுக்கொண்ட முட்டைச் சூப்

மதுரையிலிருந்து நாங்கள் பினாங்குக்கு வந்து இறங்கியது அக்டோபரில், இங்கே மழை கொட்டித் தீர்க்கிற மாதம். கணவர் காலை ஏழு மணிக்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார், அப்புறம் பத்தாவது மாடி வீட்டில் நானும் மூன்று வயது மகளும் மழையும்தான். லிட்டில் இந்தியா போனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாமே கிடைக்கிறது, அதனால் சாப்பாட்டுக்கு ஏங்கவில்லை. பேச ஆள் இல்லாததுதான் வாட்டியது.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தார். தெளிந்த கோழிச்சாறு, அதில் மஞ்சளும் வெள்ளையுமாக மிதக்கிற மெல்லிய முட்டை இழைகள், மேலே வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள், வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் ரெண்டு சொட்டு. இரண்டு நாளாக வாயைத் திறக்காத பிள்ளை முழுக் கிண்ணத்தையும் குடித்து முடித்தாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாண்டரினில் இதன் பெயர் 'தான் ஹுவா தாங்'. தான் என்றால் முட்டை, ஹுவா என்றால் பூ, தாங் என்றால் சூப்.

மறுநாள் நானே செய்தேன். நம் ஊரில் உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு வைத்துப் பழகிய கை, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பயந்துபோய்க் கரண்டியால் கலக்கிவிட்டேன். கலங்கின தண்ணீரில் தூள்தூளாக முட்டை.

ஆண்ட்டி என்னைத் தன் அடுப்படிக்கே கூட்டிப்போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் வராது. 4 கப் சாறு கொதித்ததும், 2 மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, சாறு கொஞ்சம் கெட்டியாகிப் பளபளப்பாகும்வரை கிண்டினார். அப்புறம் அடுப்பை அணைத்தார். அடித்து வைத்த 2 முட்டையைச் சாப்ஸ்டிக் மேல் வழியவிட்டு, உயரத்திலிருந்து நூல் மாதிரி, சட்டியைச் சுற்றி ஊற்றினார். நான் கரண்டியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டு "துங்கு, துங்கு" என்றார். பொறு, பொறு. பத்து எண்ணுகிற நேரம் கழித்து மெதுவாக ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான். நான் மறக்காமல் வைத்துக்கொண்ட முதல் மலாய்ச் சொல் அது.

அப்புறம் யோசித்தபோது காரணம் புரிந்தது. வெள்ளைக்கரு 60 டிகிரி தாண்டினதுமே இறுக ஆரம்பித்துவிடும், மஞ்சள் கரு இன்னும் கொஞ்சம் சூட்டில், ஆகவே அணைத்த சாறின் சூடே தாராளம். சோளமாவு முட்டையைக் கட்டியாகச் சேரவிடாமல் இழையைத் தாங்கிப்பிடிக்கிறது. இது தெரிந்த பிறகு கோப்பிக்கடையில் வாத் தான் ஹோர் (முட்டைக் குழம்பு ஊற்றிய பட்டை அரிசி நூடுல்ஸ்) போடுகிறவரைப் பார்த்தாலும் அதே கைப்பக்குவம்தான் தெரிகிறது: குழம்பு கெட்டியான பிறகுதான் முட்டை, லேசாக ஒரு கிளறல்.

போன வாரம் மிளகோடு சீரகமும் தட்டிப்போட்டு ஒரு கிண்ணம் ஆண்ட்டிக்குக் கொண்டுபோனேன். "சேடாப்" என்று ரசித்துக் குடித்துவிட்டு, சீரகத்தை விரலால் எடுத்துக்காட்டி "ஜிந்தான் பூத்தே" என்றார். வீட்டுக்கு வந்ததும் சீரக டப்பாவின் மேல் அந்தப் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினேன்.