அப்பாவின் மறதியும் காதும்: ஒரு பரிசோதனையின் கதை

என் அப்பாவுக்கு இப்போது 72 வயது. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறிக் கூடங்களில் 38 ஆண்டுகள் தறி ஓட்டியவர். எட்டுத் தறிகள் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்குள், எந்தத் தறி நின்றது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் 2023 ஆவணியில் ஒரே மாதத்துச் சீட்டுப் பணத்தை இரண்டு முறை கட்டிவிட்டு வந்தார். சீட்டு நடத்தும் அம்மா நேர்மையானவர் என்பதால் இரண்டாவது தொகையைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பே கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பதும், பேச்சின் நடுவே எழுந்து போய்விடுவதும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பதும் இருந்தன. நான்தான் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலில் சென்ற மருத்துவமனையில், எழுபது வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவிலும், முதுமையில் புத்தி தடுமாறுகிறது என்ற பொருளில், ‘அறளை பேர்ந்துவிட்டது’ என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டார்கள். நானும் அதை நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஐந்து மாதங்கள் வீணாயின என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. வயது கூடக்கூட ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவரச் சற்று நேரமாவது இயல்பு. பணம் கட்டிய நிகழ்ச்சியே மனத்திலிருந்து அழிந்துபோவது அப்படியல்ல. இந்த வேறுபாட்டை அன்றே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

2024 தை மாதம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அங்கே 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். இன்றைய நாள், கிழமை, இருக்கும் ஊர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஐந்து சொற்களைக் கேட்டுச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். கடிகாரம் வரைந்து அதில் ஒரு நேரத்தைக் காட்ட வேண்டும். அப்பா 17 எடுத்தார். அந்த எண்ணைக் கேட்டதும் என் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் மருத்துவர் அதோடு நிறுத்தவில்லை. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சோதனை முழுவதும் அப்பா எதிரே இருப்பவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்திருந்தார். திருப்பிச் சொல்ல வேண்டிய ஐந்து சொற்களில் இரண்டை அப்பா மறக்கவில்லை, அவை அவர் காதில் சரியாக விழவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுத்த ஆடியோகிராமில் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது, அதிலும் உயர்ந்த அலைவரிசையில் மிக அதிகம். தறி இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் இப்படித்தான் அழியும் என்றும், அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை என்றும் விளக்கினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் தேய்ந்துபோகும். கத்தி என்பதும் பத்தி என்பதும் அவருக்கு ஒன்றாகவே விழும். பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்ற நிலை அது. அரைகுறையாக விழும் சொற்களைக் கோத்துப் பொருள் கொள்வதிலேயே மூளையின் உழைப்பு தீர்ந்துவிடுவதால், கேட்டதை மனத்தில் நிறுத்த மிச்சம் இருப்பதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் தவறாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் ஒதுங்கத் தொடங்குவார்கள். அந்தத் தனிமையும் மூளைக்குக் கேடு. அப்பா விசேஷங்களுக்கு வர மறுத்ததன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்று அவரே பிறகு ஒருநாள் சொன்னார்.

இரத்தப் பரிசோதனையில் வேறொன்று வெளிப்பட்டது. சர்க்கரைக்காக அவர் 14 ஆண்டுகளாக மெட்பார்மின் சாப்பிட்டு வருகிறார். அந்த மாத்திரை நெடுநாள் எடுப்பவர்கள் சிலருக்கு வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறையும். பி12 குறைந்தால் நரம்புகளின் உறை பழுதடைந்து நினைவும் கவனமும் மங்கலாம். 200க்குக் கீழே போனால் குறைவு என்று கொள்ளும் அளவில் அவருக்கு 148 இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. இரத்த அழுத்தம் 160/90. ஸ்கேனில் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சில இடங்களில் பழுதடைந்த தடங்கள் தெரிந்தன. அது பல ஆண்டுகள் கவனிக்காத அழுத்தமும் சர்க்கரையும் செய்த வேலை என்றார் மருத்துவர்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு சிறிய மாத்திரை இருந்தது. பஞ்சுத் தூசியால் வரும் தும்மலுக்கென்று அப்பா கடையிலிருந்து தானே வாங்கி, பல ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் போட்டு வந்த குளோர்பெனிரமைன். நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இந்தப் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தடுக்கின்றன. முதியவர்களுக்கு இவற்றால் குழப்பமும் மந்தமும் வரலாம். முதல் மாற்றமாக மருத்துவர் அதை நிறுத்தி வேறொன்று கொடுத்தார். மாத்திரைப் பையைக் கொண்டுபோகாதிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

முடிவில், இது மறதி நோய் (டிமென்ஷியா) அல்ல, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிகிற அளவிலுள்ள லேசான அறிதிறன் குறைபாடு என்றார்கள். இது சிலருக்கு நோயாக முற்றும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குக் காரணங்களைச் சரிசெய்தால் ஓரளவு மீளும்.

சிகிச்சையில் பி12 ஊசியும் மாத்திரையும் எளிதாக நடந்தன. கடினமாக இருந்தது காது கருவிதான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் முதல் மாதத்திலேயே அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அப்பாவும் வைத்தார். ஆண்டுக்கணக்கில் ஒலியின்றிப் பழகிய மூளைக்குப் பாத்திரம் வைக்கும் சத்தமும் மின்விசிறியும் திடீரென்று தாங்க முடியாதவையாகின்றன. நாங்கள் முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் நான் ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசும்போது மட்டும் அணியச் செய்தோம். பிறகு இரண்டு மணி நேரம், பிறகு செய்தி கேட்கும் நேரம் என்று கூட்டினோம். இரண்டு முறை கருவியின் அளவை மாற்றி அமைத்து வாங்கினோம். டீக்கடைக்கு அணிந்து செல்ல மூன்று மாதங்கள் ஆயின. வீட்டிலுள்ளவர்களும் பழக வேண்டியிருந்தது. அடுத்த அறையிலிருந்து கத்தாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேச நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

நடைக்கு விடியற்காலையில் குமரகிரி அடிவாரம் வரை. தனியாக அனுப்பியபோது நான்கு நாளில் நின்றுவிட்டது. பழைய தறிக்கூட நண்பர் ஒருவர் துணைக்கு வந்த பிறகுதான் நிலைத்தது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை இருவரும் இப்போது பேசிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சும் நடையளவுக்கே மருந்து என்பது என் கருத்து. சாப்பாட்டில் ஊறுகாயும் தட்டுவடை செட்டும் குறைந்தன, கீரையும் பயறும் கூடின.

இதற்கிடையே நான் தேடிப் படித்தவற்றில், லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை எனக்குப் பெரும் தெளிவைத் தந்தது. கேட்கும் திறன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல், உடல் உழைப்பின்மை, தனிமை, கவனிக்கப்படாத பார்வைக் குறைவு உள்ளிட்ட 14 காரணிகளை அது பட்டியலிடுகிறது; அவற்றைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. இது மக்கள்தொகைக்கான கணக்கு. ஒரு தனி மனிதருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியாக இதை எடுத்துக்கொண்டு, நன்றாக நடந்தும் நோய் வந்தவர்களை யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. காது கருவி பற்றி 2023இல் வந்த ஆய்வும் அப்படித்தான்: எல்லோருக்கும் பயன் தெரியவில்லை, ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள முதியவர்களிடம் மூன்று ஆண்டுகளில் அறிதிறன் தேய்வு கணிசமாகக் குறைந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அப்பாவும் அப்படிப்பட்டவர்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

2025 பங்குனியில் மீண்டும் அதே சோதனையை வைத்தார்கள். 22 வந்தது. அதில் எவ்வளவு நினைவு திரும்பியதால் வந்தது, எவ்வளவு கேள்வி காதில் விழுந்ததால் வந்தது என்று பிரிக்க இயலாது என்றார் மருத்துவர். அப்பா இன்னும் சாவியைத் தேடுகிறார். பேரன் படிக்கும் கல்லூரியின் பெயர் சில நாட்கள் வருவதில்லை. சீட்டுப் பணம் கட்டியதும் சிறிய நோட்டில் தேதி எழுதிச் சீட்டு நடத்தும் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்; இந்த ஏற்பாட்டை யோசித்ததும் அவரேதான். சென்ற மாதம் தாரமங்கலத்தில் ஒரு திருமணத்துக்கு வந்து, பந்தி முடிந்தும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நடுவயதில் ஏறும் இரத்த அழுத்தம்தான் பின்னாளில் மூளையைத் தாக்குகிறது என்று படித்த பிறகு, 47 வயதான நானும் பார்த்துக்கொண்டேன். 150/96 இருந்தது, மாத்திரை தொடங்கியிருக்கிறேன். பள்ளி விடுமுறைகளில் அதே தறிக்கூடத்தில் தார் (தறிக்கான ஊடை நூல்) சுற்றி வளர்ந்தவள் நான். அடுத்த முறை அப்பாவுக்கு ஆடியோகிராம் எடுக்கும் நாளிலேயே எனக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.