ஜூலைக்கு அப்புறம் தேறிய பையன்

நிஜ ஆட்டக்காரர்களின் எண்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஆபீஸ் ஃபேன்டஸி பேஸ்பால் லீகில், டபுள் ஏ (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள மைனர் லீக்) பேட்டர் ஒருவனை வாங்க முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக்கை, அதாவது புது ஆளை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமையை, தூக்கிக் கொடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2023 சீசன், அமெரிக்காவின் டபுள் ஏ லீகுகளில் ஒன்றான சதர்ன் லீக். ஜூலை நடுவில் வரும் இடைவேளை வரை பையன் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது) ஆகிக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் ஆளே வேறு. விரட்டி விரட்டி அடித்தான்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இடக்கை பிட்சர்களை அவன் அடித்த கணக்கை முதலிலேயே ஒதுக்கினேன். இருந்ததே 80 அட்-பேட் (அடிக்க நின்ற முறை) போல. அதில் 20 ஹிட் என்றால் சராசரி .250, 24 என்றால் .300. நான்கு பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கைக்கு எட்டாமல் உருண்டு போனாலே நட்சத்திரம் ஆகிவிடலாம். சொந்த மைதானக் கணக்கிலும் ஏமாறவில்லை. டபுள் ஏ-க்கு ஒரு படி மேலான ட்ரிபிள் ஏ-யில் ஆல்புகெர்க்கி மைதானம் 5,000 அடிக்கு மேலே இருக்கிறது, மெல்லிய காற்றில் பந்து பறக்கும் என்று தெரியாமல் ஒருமுறை சூடுபட்டவன் நான். ஆனால் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சீக்கிரம் நிலைப்படுகிற எண். அதை நம்பலாம் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கியது.

நான் பார்க்கிற தளத்தில் மாதவாரிக் கணக்குதான் உண்டு. ஜூலையைப் பிரிக்க வழியில்லை. கோப்பை இறக்கினால் தேதி வரிசை முழுக்க #### என்று வந்தது. எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, "உதவிப் பக்கத்தைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. சரி என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் கையால் ஏற்றினேன்.

நேரிலும் பார்த்துவிடலாம் என்று ஆகஸ்டில் அட்லான்டாவிலிருந்து மான்ட்கோமரிக்கு வண்டியை விட்டேன். அந்த ஊர் அணிக்குப் பெயரே பிஸ்கட்ஸ். போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. திங்கட்கிழமை! 2021-லிருந்து மைனர் லீகில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் பெரும்பாலும் ஓய்வு. பெட்ரோலும் போச்சு, லீவும் போச்சு.

டிரேட் முடிந்து, வசந்தத்தில் வேறு ஒருவனைத் தேடும்போதுதான் உறுத்தியது. அவனும் ஜூலைக்கு அப்புறம் தேறியிருந்தான். அவன் அணியில் இன்னும் இரண்டு பேர், எதிரணியில் மூன்று பேர். ஊரே ஒரே வாரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததா என்ன?

மாறியது பந்து. வழக்கமாகப் புதுப் பந்தின் வழுவழுப்பு போக நியூஜெர்சி ஆற்றுச் சேற்றைத் தேய்ப்பார்கள். அந்த சீசனின் முதல் பாதியில் சதர்ன் லீகில், தயாரிக்கும்போதே பிசுபிசுப்பு ஏற்றிய பந்தைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். பிட்சர்களுக்குப் பிடி கிடைத்தது, ஸ்ட்ரைக் அவுட் ஏறியது. இடைவேளைக்குப் பிறகு பழைய பந்துக்கே திரும்பிவிட்டார்கள். செய்தி அப்போதே வந்திருக்கிறது, நான்தான் எக்ஸெலில் தலையை நுழைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகவே ஒருவனுடைய ஸ்ப்ளிட்டுக்கு (இப்படிப் பிரித்துப் பார்க்கும் கணக்கு) பக்கத்திலேயே மொத்த லீகின் ஸ்ப்ளிட்டையும் போட்டுப் பாருங்கள். அதே 2023-ல் ட்ரிபிள் ஏ-யில் செவ்வாய் முதல் வியாழன் வரை ஸ்ட்ரைக்கா பாலா என்று மெஷின் சொன்னது. வெள்ளி முதல் ஞாயிறு வரை அம்பயர் சொன்னார், அணிகள் மெஷினிடம் அப்பீல் போகலாம். அந்த வருஷத்து வாக் (நான்கு பால் வாங்கி முதல் பேஸுக்கு நடந்து போவது) கணக்கைப் படிக்க வேண்டுமென்றால் கிழமையையும் பார்க்க வேண்டும்!

இந்தக் கண்றாவியில் ஒரு சின்ன சந்தோஷம். பந்து விஷயம் தெரிந்ததும் என் கையிலிருந்த சதர்ன் லீக் பிட்சர் ஒருவனைப் புரட்டிப் பார்த்தேன். அவனுடைய ஸ்ட்ரைக் அவுட்டில் பெரும்பங்கு முதல் பாதியில் வந்தது. எனக்கு அந்த பேட்டரை விற்ற அதே ஆளிடம், முழு சீசன் எண்ணைக் காட்டித் தள்ளிவிட்டேன். முதல் ரவுண்டு பிக் திரும்பக் கிடைக்கவில்லை, இரண்டாம் ரவுண்டு கிடைத்தது. அவர் இன்னும் பந்தைப் பற்றிக் கேட்கவில்லை.