வற்றாப்பளைக்குப் பெட்டி கொழுவிப் போய் வந்தது

இந்தமுறை முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு மெசினில பெட்டி கொழுவித்தான் போறதெண்டு அப்பா ஒரு மாதத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டார். வான் பிடிச்சா கெதியாப் போயிடலாம், பிள்ளையளுக்கும் வெயில் படாது எண்டு நான் சொல்லிப் பாத்தன், கேக்கேல்ல. "வான்ல போனா ரெண்டு இரவும் எங்கையடா படுக்கிறது?" எண்டு மட்டும் கேட்டார். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.

வெளியூர் ஆக்களுக்குச் சொல்லுறன், எங்கட பக்கத்தில உழவு மெசினுக்கு (ட்ராக்டருக்கு) பின்னால கொழுவிற ட்ரெயிலரைத்தான் பெட்டி எண்டுறது. நெல்லு ஏத்துவம், மணல் ஏத்துவம், செத்தவீட்டுக்குக் கதிரை ஏத்துவம், கலியாணத்துக்குச் சனத்தை ஏத்துவம், பொங்கல் எண்டு வந்தா நாலு மூலைக்கும் தடி நட்டு மேல தறப்பாளை இழுத்துக் கட்டினா அதுதான் வீடு. கீழ வைக்கலைப் பரப்பி அதுக்கு மேல பாய் போட்டா வீட்டுக் கட்டிலிலையும் அப்பிடி நித்திரை வராது.

இந்த வருசம் கனடாவில இருந்து சித்தப்பாவும் வந்து நிண்டவர். அவரிட்ட அங்க 24 அடியில ஒரு ட்ராவல் ட்ரெயிலர் இருக்கு, உள்ளுக்குள்ளயே படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் இருக்குதாம், அதைப் பிக்கப்பில இழுத்துக்கொண்டு கோடை காலத்தில அதே மாதிரி ட்ரெயிலர் வச்சிருக்கிற ஆக்கள் கூடுற காம்புக்குப் போவாராம். மூண்டு நாலு நாள் நிண்டு, ஒருத்தற்ற ட்ரெயிலருக்குள்ள மற்றவர் ஏறிப் பாத்து, இதை எப்பிடி மாத்தினனீங்கள், அந்த ரயர் எத்தினை வருசம் ஓடினது எண்டு கதைச்சு, சேந்து சமைச்சுச் சாப்பிட்டிட்டு வாறவையாம். அப்பா எல்லாத்தையும் கேட்டிட்டு, "அப்ப நீ எங்களோட பெட்டியில வா, இதுவும் உதுதான்" எண்டார்.

வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் முழுக்கப் பெட்டியோடதான் போச்சுது. ரெண்டு சில்லையும் ஜக்கில தூக்கி ஆட்டிப் பாத்து, பெயரிங்குக்குக் கிரீஸ் அடிச்சு, ரயருக்குக் காத்துப் பாத்து, கொழுவிற பின் தேஞ்சிருந்திச்சுது எண்டு கிளிநொச்சிக்குப் போய்ப் புதுப் பின் வாங்கி வந்தனான். பின் கழண்டு மேல வராமக் குறுக்க மாட்டுற கிளிப் இருக்கெல்லோ, கனபேர் அதுக்குப் பதிலாக் கம்பித் துண்டை முறுக்கி விடுவினம், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. குழியில விழுந்தெழும்பேக்க கம்பி அறுந்து பின் துள்ளினா பெட்டி தன்ர பாட்டுக்குப் போகும், உள்ளுக்க இருக்கிறது எங்கட பிள்ளையள். சித்தப்பா பாத்திட்டு, பின்னுக்கு மேலதிகமா ஒரு சங்கிலியும் போடு, அங்க அது இல்லாம ரோட்டில ஏறவே ஏலாது எண்டார். கிணத்தடியில கிடந்த சங்கிலியை எடுத்து மெசினுக்கும் பெட்டிக்கும் சேத்துக் கட்டினன். பின்பக்கத்துக்குச் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டினன், லைற்றும் இழுத்துப் பூட்டினன். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில இரவில மாடு படுத்திருக்கும், அதோட லைற் இல்லாத பெட்டியும் நிண்டா பின்னால மோட்டச்சைக்கிளில வாறவன்ர உயிர்தான் போகும்.

ஏத்தேக்கதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பா வழமையாச் சொல்லுறது ஒரே வசனம்தான், "பாரம் முன்னுக்கு, ஆனா கூட முன்னுக்கு இல்லை." சின்னனில இருந்து கேட்டிருக்கிறன், ஏனெண்டு கேட்டதில்லை. அரிசி மூட்டை, தண்ணிப் பரல், பானை, விறகு எல்லாத்தையும் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால வச்சிட்டு, சனத்தை நடுவில இருத்தினார். சித்தப்பா பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "அண்ணை, அங்க எங்களுக்கு இதைப் படிப்பிக்கிறவை. ட்ரெயிலற்ற மொத்தப் பாரத்தில நூற்றுக்கு 10 இல இருந்து 15 வரைக்கும் கொழுவியில இருக்கோணும், குறைஞ்சா பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும், கூடினா இழுக்கிற வாகனத்தின்ர முன் சில்லு லேசாகி ஸ்டியரிங் கேளாது" எண்டார். அப்பாவுக்கு நூற்றுக்கு எத்தினை எண்டு தெரியாது, ஆனா பெட்டியின்ர மூக்கைக் கையால தூக்கிப் பாத்தே இது சரி இது பிழை எண்டு சொல்லுவார். ரெண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் வேற வேற ஊரில இருந்து படிச்சிருக்கினம். அதைப் பாக்க எனக்குச் சரியான சந்தோசம்.

ஞாயிறு விடிய நாலரைக்குத் தர்மபுரத்தால வெளிக்கிட்டம். மெசின் ஓடினது நான், மட்கார்ட்டில அப்பா, பெட்டியில சித்தப்பா, அம்மா, மனிசி, பிள்ளையள், மாமி வீட்டார். ரோட்டில ஏற முதல் ரெண்டு பிரேக் பெடலையும் சேத்து லொக் போடுறனோ எண்டு அப்பா குனிஞ்சு பாத்தவர். வயலுக்குள்ள திருப்பேக்க ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதிக்கிறதுக்குத்தான் அது ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கிறது, ரோட்டில அப்பிடியே விட்டிட்டு ஒரு பெடலை அமத்தினா மெசின் அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், பின்னால பெட்டியும் இருந்தா பிரட்டித்தான் போடும். எங்கட பெட்டிக்குப் பிரேக் இல்லை. சித்தப்பாவின்ர ட்ரெயிலர்ச் சில்லில கரண்ட் பிரேக் இருக்காம், முன்னால இருந்து கையாலயும் அமத்தலாமாம். எங்களுக்குப் பள்ளத்தில இறங்கேக்க குறைஞ்ச கியரைப் போட்டு இஞ்சினால பிடிக்கிறதுதான் பிரேக்.

விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு எண்டு மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில போய்க்கொண்டிருந்தம். நிக்கிற இடமெல்லாம் அப்பா இறங்கிப் போய்ப் புறங்கையால சில்லுக் குடத்தைத் தொட்டுப் பாப்பார். கை வைக்க ஏலாத சூடெண்டா பெயரிங் போகுது எண்டு அர்த்தம்.

புதுக்குடியிருப்பில இருந்து கேப்பாபுலவால போனா வற்றாப்பளை கிட்ட. ஆனா அப்பா நேர போ எண்டார். வட்டுவாகலால சுத்திப் போக வேணுமாம். நான் ஏனெண்டு கேக்கேல்ல.

2008 கடைசியில சண்டையால இடம்பெயரேக்க இதே ரோட்டாலதான் நாங்கள் பெட்டியோட போனது. அப்ப எனக்குப் 14 வயசு. அந்தப் பெட்டியில வீட்டுக் கதவு ரெண்டு, கூரைத் தகரம், நெல்லு மூட்டை, அம்மாவின்ர தையல் மெசின், கோழிக்கூடு எல்லாம் ஏத்தி அதுக்கு மேல நாங்கள் இருந்தது. ரோடு முழுக்கப் பெட்டிதான், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, பகல் முழுக்க நிண்டு நிண்டு நகந்தது. ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி விட்டிட்டுப் போனம், கதவு சுதந்திரபுரத்தில, தகரம் இரணைப்பாலையில பங்கருக்கு மேல. முள்ளிவாய்க்காலில பெட்டிக்குக் கீழதான் கிடங்கு வெட்டி இருந்தனாங்கள். 2009 மே மாதம் அந்தப் பெட்டியையும் மெசினையும் விட்டிட்டு ஆளுக்கொரு பையோட வட்டுவாகல் பாலத்தால நடந்து போனம். கடைசியா அப்பா செய்தது, மெசினில இருந்து பெட்டியைக் கழட்டிப் பின்னைத் திரும்ப ஓட்டைக்குள்ள போட்டது. ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, பழக்கத்தில செய்திருப்பார்.

முள்ளிவாய்க்காலைக் கடக்கேக்க பெட்டிக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்ல, பிள்ளையள் மட்டும் கச்சான் கேட்டு அழுதுகொண்டு வந்ததுகள். அப்பா நிப்பாட்டச் சொல்லேல்ல, ரோட்டுக்கு இடப்பக்கமா ஒரு இடத்தைப் பாத்துக்கொண்டே வந்தவர்.

வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், ஒரு நேரத்தில ஒரு வாகனம்தான் போகலாம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நந்திக்கடல். நான் மெசினைப் பாலத்தில ஏத்தி ஒரு இருபது யார் போயிருப்பன், அந்தப் பக்கத்தால ஒரு வான் வந்திட்டுது, அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு. நாங்கள்தான் பின்னுக்கு எடுக்க வேணும். பெட்டியோட ரிவேர்ஸ் எண்டது தெரிஞ்சவைக்குத் தெரியும், ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினா பெட்டி வலப்பக்கம் போகும், கொஞ்சம் கூடத் திருப்பினா மெசினும் பெட்டியும் மடிச்ச கத்தி மாதிரி மடங்கிப்போடும். ரெண்டு பக்கமும் தண்ணி. எனக்குக் கை வேர்த்திட்டுது. பெட்டியில இருந்த ஆக்களை இறக்கி நடக்க விட்டிட்டு, சித்தப்பா பின்னால போய் நிண்டு சொன்னார், "தம்பி, ஸ்டியரிங்கின்ர அடிப்பக்கத்தில கையை வை. பெட்டி எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கத்துக்கே கையைக் கொண்டு போ. கொஞ்சம் கொஞ்சமா. மடங்கப் பாத்தா நிப்பாட்டி முன்னுக்கு எடு, வெக்கமில்லை." அப்பா ஒண்டும் சொல்லேல்ல, என்ர தோளில கையை வச்சுக்கொண்டு நிண்டார். மூண்டு தரம் முன்னுக்கு எடுத்து எடுத்து வெளியில கொண்டு வந்திட்டன். வான்காரன் கடந்து போகேக்க கையைத் தூக்கிக் காட்டினான்.

வற்றாப்பளையில நாங்கள் போய்ச் சேரேக்க வெளியெல்லாம் பெட்டி நிறைஞ்சிட்டுது. மல்லாவி, ஒட்டுசுட்டான், மாங்குளம், பூநகரி, எல்லா இடத்துச் சனமும். மரநிழல் கிடைச்சவன் புண்ணியவான். சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லு வச்சு, மூக்குக்கு மரக்குத்தி முண்டு கொடுத்து, மெசினைக் கழட்டி எடுத்திட்டம், சித்தப்பா தன்ர போனில வாட்டம் பாக்கிற ஒண்டை வச்சு, இன்னும் ஒரு பலகை இடப்பக்கச் சில்லுக்குக் கீழ வைக்கச் சொன்னார். வச்சம், இரவு படுக்கேக்கதான் அதின்ர அருமை தெரிஞ்சுது, ஒருத்தரும் உருளேல்ல.

அம்மாவுக்கு அம்மாளாச்சியைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா நிப்பாட்டத் தெரியாது. மதுரையை எரிச்சிட்டு வந்த கண்ணகி பத்தாவதா வந்து தங்கின இடமாம், பத்தாம்பளை எண்டதுதான் வற்றாப்பளை ஆனதாம், ஒரு கிழவி மாதிரி வந்து இடைச்சிறுவர்களிட்டப் பொங்கிக் கேட்டவவாம், விளக்கெரிக்க எண்ணெய் இல்லையெண்ட பிள்ளையளிட்டக் கடல் தண்ணியை அள்ளி ஊத்தி எரியுங்கோ எண்டவவாம். இண்டைக்கும் முல்லைத்தீவுக் கடலில தண்ணி எடுத்து வந்து அந்த உப்புத் தண்ணியில விளக்கெரிக்கினம். பக்கத்துப் பெட்டிப் பிள்ளையளும் வந்து குந்தியிருந்து கேட்டதுகள்.

பொங்கல் அண்டு இரவு ஒருத்தரும் படுக்கேல்ல. தூக்குக்காவடி கட்டின மெசினுகள் பறையோட வந்துகொண்டே இருந்திச்சுது. நாங்கள் பொங்கி, படைச்சு, பெட்டிக்குக் கீழ இருந்து சாப்பிட்டம். அதுக்குப் பிறகு ஆம்பிளையள் எல்லாம் ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு பெட்டி பெட்டியாத் திரிஞ்சவை, அப்பாவும் சித்தப்பாவும்தான் முன்னுக்கு. ஒட்டுசுட்டான் அண்ணை ஒருத்தர் லொறி அக்சில் போட்டு நாலு சில்லுப் பெட்டி செய்திருந்தவர், அதின்ர அடியில மூண்டு பேர் படுத்துக் கிடந்து பாத்தவை. சித்தப்பா தன்ர ட்ரெயிலற்ற படத்தைக் காட்ட ஒரு வயசான ஐயா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உதில நெல்லு எத்தினை மூட்டை ஏத்தலாம்?"

செவ்வாய் காலமை வெளிக்கிடேக்க விசுவமடுக் குடும்பம் ஒண்டு, அவையின்ர லான்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) நிண்டு போச்சுதெண்டு ஏத்தச் சொல்லிக் கேட்டவை. அஞ்சு பேர், ரெண்டு பானை, அரை மூட்டை அரிசி. கடைசியா ஏறினதால எல்லாம் பெட்டியின்ர வாலில. நித்திரைக் களையில நானும் கவனிக்கேல்ல. கேப்பாபுலவுப் பக்கத்தால வந்துகொண்டிருக்கேக்க பின்னுக்கு டக்கு டக்கெண்டு பின் அடிக்கிற சத்தம், மெசினின்ர பின்சில்லும் லேசான மாதிரி. மட்கார்ட்டில கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, "பாரம் பின்னுக்குப் போட்டுது, பெட்டி மூக்கைத் தூக்குது, நிப்பாட்டு" எண்டார். நிப்பாட்டி, அரிசியையும் பானையையும் முன்னுக்கு மாத்தி, ஆக்களையும் நடுவுக்கு வரச்சொன்னம். கிளிப் பாதி வெளியில வந்திருந்திச்சுது. அதைத் திரும்ப மாட்டிச் சங்கிலியையும் இறுக்கினன். பிறகு வீடு வரைக்கும் சத்தமில்லை.

பின்னேரம் போல வீட்டை வந்து சேந்தம். பெட்டியை மால் (கொட்டில்) பக்கத்தில விட்டிட்டு நான் மெசினைக் கழட்டினன், அப்பா பின்னை உருவிச் சாரத்தில துடைச்சுக் கையில வச்சுக்கொண்டு நிண்டவர். வழமையா அதை ஓட்டைக்குள்ளயே திரும்பப் போடுறவர், இந்தமுறை கொண்டுபோய்க் குசினிச் சுவரில இருந்த ஆணியில கொழுவினார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டு, இடப்பக்க ரயர் ஓரம் தேஞ்சிருக்கு, நெல்லு வெட்டுக்கு முதல் மாத்தோணும், வந்து பார் எண்டார்.