வலிக்காத கட்டி

குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு. அழுத்திப் பார்த்தேன். நகராமல் நின்ற இடத்திலேயே நின்றது, வலி மட்டும் துளியும் இல்லை. வலி இல்லாததால் பயமும் வரவில்லை. அப்போது எனக்கு 46 வயது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு போன கிளினிக்கில் மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்து, "கொழுப்புக் கட்டிதான், பயப்படாதீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே இன்னும் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருநாள் சேலை மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தூக்கினால் கட்டி இருந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்தது. என் நாத்தனார் நர்ஸாக இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணி, நாளைக்குக் காலையிலேயே கிளம்புறோம்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

போனதும் முதலில் மேமோகிராம், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுப்பது. அதற்குப் போகிறவர்கள் அன்றைக்குப் பவுடர் போடாமல் போங்கள். படத்தில் அது புள்ளி புள்ளியாகத் தெரிந்து குழப்பும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துவார்கள். சில விநாடிகள் வலிக்கும், அவ்வளவுதான். அப்புறம் அல்ட்ராசவுண்ட். அது முடிந்ததும் டாக்டர் பயாப்சி, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது, எடுக்கச் சொன்னார். "ஊசி குத்தினா பரவிடும்" என்று மாமியார் அழுதார். டாக்டர் அவரையும் உட்கார வைத்து, அப்படிப் பயப்பட வேண்டியதில்லை, என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று ஒரு சத்தம், நாலைந்து முறை. எடுத்த சதைத் துணுக்குகள் ஒரு குப்பியில், வேகாத சேமியாத் துண்டுபோல மிதந்தன. ஐந்து மாதமாக நான் சுமந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

புற்றுநோய் என்று முதல் ரிப்போர்ட் சொன்னது. எந்த வகை என்று தெரிய இன்னொரு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஈ.ஆர்., பி.ஆர். என்ற, ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். சிகிச்சையே அதை வைத்துத்தான் முடிவாகிறது. எனக்கு ஹார்மோன் இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். இந்த ரிப்போர்ட்டின் ஒரு நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அடையாறுக்குப் போயிருக்காங்க" என்பார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. நான் சிகிச்சை எடுத்தது வீட்டுக்குப் பக்கத்திலேயே, வேறு இடத்தில். ஆனாலும் தெருவில் எனக்கும் "அடையாறு" என்றுதான் பேச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரும்பகுதிச் செலவு அதில் கழிந்தது.

மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெறிக்கட்டி ஒன்றில் நோய் இருந்தது. பத்து நாள் பக்கவாட்டில் ஒரு குழாய், அதில் ஒரு டப்பா. தினமும் எத்தனை மில்லி நீர் வடிந்தது என்று மகள்தான் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். 120-இல் ஆரம்பித்து 25-க்கு இறங்கியபோது குழாயை எடுத்தார்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ மொத்தம் 16 முறை. முதல் நாலும் 21 நாளுக்கு ஒருமுறை, சிவப்பு மருந்து. அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பதற வேண்டாம். மீதி 12-ம் வாரம் ஒன்று. பதினேழாம் நாள் தலைவாரும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் வந்த காய்ச்சல். 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு 101. விடியட்டும் என்றார் வீட்டுக்காரர். நாத்தனார் போனிலேயே அவரைத் திட்டிக் கிளம்ப வைத்தாள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. நாலு நாள் வார்டில் இருந்தேன்.

ரேடியேஷன் 15 நாள். தோல் கறுத்ததும் அசதியும் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கையைப் பழையபடி தூக்கத்தான் நாளாயிற்று. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஏறுவதுபோல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. சில நாள் கோடு முந்தின நாளுக்குக் கீழேயே நிற்கும், அன்றைக்கு அழுகை வரும். இப்போது மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கிறேன். வீக்கம் வந்துவிடக் கூடாது என்பதால் வலது கையில் ஊசியோ பிரஷரோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்போது டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை 20 மில்லிகிராம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. இது மூன்றாவது வருஷம். நடுராத்திரியில் உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கும், மகள் எழுந்து ஃபேனைக் கூட்டிவைப்பாள். வருஷம் ஒருமுறை மேமோகிராம், அடுத்தது தை மாதத்தில். இந்த முறை அக்காவும் கூட வருகிறாள். அவளுக்கு 52 ஆகிறது, இதுவரை ஒருதரம்கூட எடுத்ததில்லை.