வெறும் ஏதனமாய்க் கொடுக்கக்கூடாது

அம்மா போய் இரண்டு மாதம் கழித்துத்தான் அவருடைய அலுமாரியை ஒதுக்க மனம் வந்தது. மேல்தட்டின் மூலையில், பழைய சேலை ஒன்றில் சுற்றியபடி ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி. மூடிக்குக் கீழே, விளிம்பில், சித்தப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

2003 நத்தாருக்கு அம்மா திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக்குப் போனவர். சமாதானக் காலம், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ-9 பாதை திறந்திருந்தது. திரும்பும்போது சின்னம்மா பயற்றம் பணியாரம் போட்டுக் கொடுத்துவிட்ட சட்டி அது. "அடுத்த நத்தாருக்குக் கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த நத்தாருக்குப் போகக் கிடைக்கவில்லை. அதற்கு மறுநாள், 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்து வீட்டையும் சித்தப்பாவையும் கொண்டுபோய்விட்டது. பிறகு சண்டை, 2006இல் பாதையும் மூடுண்டது. சட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இரவல் வாங்கிய பாத்திரத்தை, எங்கள் பேச்சில் ஏதனத்தை, வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. ஒரு பிடி சீனியாவது போட வேண்டும். நான் பனங்கட்டிக் குட்டான்களால் சட்டியை நிறைத்து, மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். வவுனியா, ஹொரவப்பொத்தானை, கன்னியா. அதற்குப் பிறகு காற்றில் உப்பு வாசம்.

சின்னம்மா இப்போது உப்புவெளியில், கடலைப் பார்க்காத ஒரு வீட்டில் இருக்கிறார். சட்டியைக் கையில் கொடுத்தேன். பனங்கட்டியைப் பார்க்கவே இல்லை. விரலால் விளிம்பைத் தடவி, ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று போனார். முன்னெழுத்துக்கு வந்ததும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து.

"வீட்டில இருந்த எல்லா ஏதனத்திலயும் அவற்றை பேர் வெட்டினது பிள்ளை. எல்லாம் கடலோட போட்டுது. கொம்மா இரவல் வாங்கினபடியால்தான் இது தப்பியிருக்கு."

சட்டியை மடியில் வைத்தபடியே கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அம்மா போன நாளிலிருந்து நான் ஜெபத்தில் கேட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன். நன்றி மட்டும் சொல்லவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"நான் ஏழு வருசம் சொல்லேல்லை" என்றார். கோயிலுக்குப் போவாராம், ஸ்தோத்திரப் பாட்டு வந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பாராம். "பிறகு ஒருநாள் யோசிச்சன். பத்தொன்பது வருசம் அவரை எனக்கு இரவல் தந்தது ஆர்? கேட்டு வாங்கினவருக்கு நான் வெறும் ஏதனத்தையோ நீட்டுறது?"

மறுநாள் விடியக்காலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கு நடந்தேன். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு பராமரிக்கும் இடம், புல்லெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. கற்களில் வயதுகளைத்தான் வாசித்தேன். பெரும்பாலும் என் தம்பியை விட இளையவர்கள். அவர்களுடைய தாய்மாரில் எத்தனை பேருக்கு இங்கே வந்து நிற்கக் கிடைத்திருக்கும்?

காலடியில் புல். அம்மாவை அடக்கம் செய்தபோது போதகர் வாசித்தது நினைவுக்கு வந்தது: "மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது." அன்றைக்கு அது கல்லாக விழுந்த வசனம். 103ஆம் சங்கீதம். சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் மனனம் செய்ததுதான். முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்றுதான் அது தொடங்குகிறது. முடிவதும் அதே வார்த்தைகளில். புல்லும் பூவும் காற்றும் நடுவில் வருகின்றன. வாடிப்போகும் மனிதன் ஒருவன் தன் ஆத்துமாவுக்குச் சொல்லும் நன்றி அது முழுவதும். நான் நடுப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்திருந்திருக்கிறேன். அங்கேயே, ஆருமற்ற அந்த வரிசைகளுக்கு நடுவில், அம்மாவுக்காக முதல்முறை ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் தலைவாரிவிட்ட கைக்கு. கடைசி வாரத்தில் என் கையால் குடித்த கஞ்சிக்கு.

பின்னேரம் கோட்டைக்குப் போனேன். மரநிழலில் மான்கள் படுத்திருந்தன. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டை. வந்தவர்கள் சிலுவையோடு வந்தவர்கள். அது எனக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். அவர்களுக்குப் பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். எல்லோரும் போய்விட்டார்கள். கோணமாமலையில் மணி கேட்டது. நான் பாறைக்குக் கீழே கடலைப் பார்த்தபடி நின்றேன். கொண்டுபோன கடல்தான். ஆனாலும் அழகாக இருந்தது.

புறப்படும் காலையில் சின்னம்மா தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினார். சூடாக இருந்தது. பயறு வறுத்த வாசம்.

"இது உங்கட சட்டியல்லோ சின்னம்மா, சித்தப்பாவின்ர பேர்..."

"அடுத்த நத்தாருக்குக் கொண்டுவா" என்றார். பஸ் நகரத் தொடங்கியதும் யன்னலோடு இரண்டடி கூடவே நடந்து சொன்னார்: "கர்த்தருக்குச் சித்தமானால், பிள்ளை."